போர்டில் இல்லாத விதி

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நான் பத்தாவதோடு நின்றவன். நோட்டுப் புத்தகக் கிடங்கில் கட்டுப் போடுகிற வேலை எனக்கு. கட்டின்மேல் 'கோடு போட்டது' அல்லது 'கோடு போடாதது' என்று எழுதி ஒட்டுவதுதான் நான் இதுவரை எழுதிய எழுத்து. இதைச் சொல்ல வேண்டிய ஆட்கள் எதிரில் நின்றால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவுக்குப் பின்னால் மதில் சுவரோடு ஒரு காலி மனை இருக்கிறது. அதன் சொந்தக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா. எழுபது வயதைத் தாண்டியவர். தெருவில் எல்லோரும் அவரை, பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, முசியே என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மகன் பிரான்சில் இருக்கிறான். அவன் வந்து வீடு கட்டுகிற வரைக்கும் மனை குப்பைமேடாகிவிடக் கூடாது என்று முசியே அதைப் பதினேழு பாத்திகளாகப் பிரித்துத் தெருக்காரர்களுக்குக் காய்கறி போடக் கொடுத்தார். காசு எதுவும் கேட்கவில்லை. ஒழுங்கு மட்டும் கேட்டார்.

அந்த ஒழுங்கெல்லாம் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகர போர்டில் எழுதியிருக்கும். பட்டாளத்துக்காரர் எழுதியது என்பதால் தயவுசெய்து என்ற பேச்சே அதில் கிடையாது. கேட்டை மூடு. ஒரு பாத்திக்குக் குழாய் பதினைந்து நிமிடம். மூன்று வாரம் வெறுமனே கிடக்கிற பாத்தி அடுத்த ஆளுக்குப் போகும். நோய் பிடித்த செடியை ஞாயிற்றுக்கிழமைக்குள் பிடுங்கிவிடு. கடை மருந்து கூடாது. வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டுக் கரைசல், புளித்த மோர், இவ்வளவுதான். அடுத்தவர் பாத்தியில் ஓர் இலைகூடக் கிள்ளாதே.

எனக்கு இந்தக் கடைசி விதிதான் ரொம்பப் பிடிக்கும். நான் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட, யாராவது முதலில் இறங்கட்டும் என்று காத்திருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடுகிறவன். அப்படிப்பட்ட எனக்கு, யாரும் தொடக் கூடாத பத்தடிக்கு ஆறடி மண் கிடைத்தது பெரிய விஷயம். அதற்காக மூன்று வருடம் பட்டியலில் காத்திருந்தேன். கிடங்கில் சூப்பர்வைசர் கத்துவார். வீடு ஒரே அறை, டிவி ஓயாது. என் பாத்தியில் மட்டும் யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். காலையில் ஆறு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் கிடங்கு விட்டு வந்து ஒரு தடவை, தலையைக் குனிந்துகொண்டே போய்த் தலையைக் குனிந்துகொண்டே வந்துவிடுவேன்.

போர்டில் இல்லாத வழக்கங்களும் அங்கே நிறைய உண்டு என்பது எனக்குப் பாதிதான் தெரியும். அதெல்லாம் பேச்சில் வருவது. மற்றவர்கள் தண்ணீர் பாய்கிற நேரத்தில் கிணற்றடியில் உட்கார்ந்து பேசுவார்கள். நான் உட்கார மாட்டேன். ஒன்றிரண்டு வழக்கத்தை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பக்கத்துப் பாத்தியில் பூசணிப் பிஞ்சு ஒன்று விட்டிருந்தது. அதை விரல் நீட்டிக் காட்டி, "நல்லா வந்திருக்கு" என்றேன். பாத்தி கிடைத்த பிறகு நானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பாத்திக்காரி பாய்ந்து வந்துவிட்டாள்.

"அய்யய்யோ, வெரல மடக்குண்ணே! பிஞ்ச வெரல் நீட்டிக் காட்டுனா அழுவிப் பூடும். எங்கருந்து வந்தீங்க நீங்க, பாரீஸ்லருந்தா?"

அவள் எங்கள் அடுத்த சந்தில் இட்லிக் கடை வைத்திருக்கிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் சிரித்தால் தோட்டத்தின் மறுகோடியில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும். எனக்கு அவள் குரல் என்றாலே கொஞ்சம் பயம். ஆனால் அவள் நல்லவள். அதற்கப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பாரீஸ் அண்ணே, வெரல மடக்கிட்டீங்களா?" என்று கேட்பாள். நான் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவேன்.

நான் கத்திரி போட்டிருந்தேன். பச்சையில் வெள்ளைக் கோடு ஓடுகிற சின்ன உருண்டைக் கத்திரி. ஓரத்தில் ஒரு வரிசை சிறுகீரை. முதல் காய்ப்பில் ஒரு காய்கூடத் தேறவில்லை, எல்லாவற்றிலும் ஓட்டை. இரண்டாம் காய்ப்பிலும் குருத்து வாட ஆரம்பித்தது. வேப்பெண்ணெய் அடித்தேன், இஞ்சி பூண்டு அரைத்து அடித்தேன், மோரைப் புளிக்க வைத்து ஊற்றினேன். புழு அதையெல்லாம் குடித்துவிட்டுக் கொழுத்ததுதான் மிச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முசியே கைத்தடியோடு சுற்றி வந்தார். என் பாத்திமுன் நின்று வாடிய குருத்தைக் கிள்ளிப் பார்த்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள இதெல்லாம் பிடுங்கிடு. மத்தவங்க செடிக்கும் பரவும்."

நான் தலையை ஆட்டினேன்.

"திரும்ப நாத்து நட நேரம் இருக்கா உனக்கு? மூணு வாரம் பார்த்துக்கோ."

அவர் மிரட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. பட்டியலில் எனக்குப் பின்னால் நாலு பேர் இருந்தார்கள். நாற்று கிடைக்காவிட்டால் என்ன செய்வது, மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது, மூன்று வாரம் போய்விட்டால் என்ன செய்வது என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து என் சகலை வந்தார். பாகூர்ப் பக்கம் விவசாயம் செய்கிறவர். என் மனைவி அவரிடம் புலம்பியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை அவர் டவுனுக்கு வந்தபோது இருமல் மருந்து பாட்டில் ஒன்றில் ஏதோ ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்.

"ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு மூடி. ஒரு தடவ அடி, புழு உதிரும். அடிச்சிட்டு பதினஞ்சு நாளைக்கிக் காய் பறிக்காத. தெரிதா?"

"தெரிது."

"கையக் கழுவு. பசங்க கையில படாம வையி."

புதன்கிழமை காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போனேன். வேப்பெண்ணெய் அடிக்கிற அதே ஸ்பிரேயரில் தண்ணீர் பிடித்து இரண்டு மூடி ஊற்றினேன். போதுமா என்று சந்தேகம் வந்து மூன்றாவது மூடியும் ஊற்றினேன். தண்ணீர் பால்போல வெளுத்தது. மூட்டைப்பூச்சி மருந்து மாதிரி ஒரு நாற்றம். மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாச் செடிக்கும் அடித்தேன். காற்று கீரைப் பக்கம் வீசியது, அதைப் பார்த்தும் நான் நிறுத்தவில்லை. நாற்றம் மறைய வேண்டும் என்று கடைசியில் வேப்பெண்ணெயைக் கொஞ்சம் வரப்பில் தெளித்தேன்.

தப்புதான் என்று தெரியும். ஆனால் ஒரு தைரியம் இருந்தது. என் பாத்தியில் யாரும் கை வைக்கப்போவதில்லை, போர்டில் எழுதியிருக்கிறது. பதினைந்து நாள் நானும் பறிக்கப்போவதில்லை. யாருக்கு என்ன ஆகிவிடும்? அன்று முழுக்கக் கிடங்கில் இதையே எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பயத்தில் ஒன்றரை நாள் அந்தப் பக்கமே போகாமல், வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்குத்தான் தோட்டத்துக்குப் போனேன். முதலில் புழு உதிர்ந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன். செடிக்கடியில் நாலைந்து கிடந்தன. சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் செடி லேசாக இருப்பது கண்ணில் பட்டது. ஓட்டை விழாமல் தப்பித்திருந்த ஏழெட்டுக் காயும் இல்லை. காம்பு கத்தியால் நறுக்கியதுபோலச் சுத்தமாக வெட்டியிருந்தது. கீரை வரிசையில் பாதிக்கு மேல் அறுத்திருந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். யாரோ திருடன் என்று நினைத்தேன். போர்டு எதற்கு இருக்கிறது என்று நினைத்தேன். திருடியவன் தின்றுவிட்டு என்ன ஆவான் என்பது அதற்கு அடுத்த நொடிதான் தோன்றியது.

"பாரீஸ் அண்ணே! திருடிய தேடுறீங்களா? இதோ கீறேன்!"

இட்லிக் கடைக்காரி தன் பாத்தியில் பூசணிக் கொடியைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"காலைல பொண்ண இட்டுக்கினு வந்தேன்ணே. வளைகாப்பு முடிஞ்சி காலாப்பட்டு மாமியா ஊட்டுலருந்து வந்து பத்து நாளாச்சி இல்ல? புள்ளத்தாச்சிக்கு இங்க எந்தப் பாத்தியும் தடை கெடையாதே. எது வேணுமோ பறிச்சிக்கோடின்னு சுத்திக் காட்னேன். பதினேழு பாத்தியும் சுத்திட்டு உங்க கத்திரிக்காகிட்டதான் வந்து நின்னா. அவ கையாலயே பறிச்சா. குடுத்து வச்சவரு நீங்க. புள்ளத்தாச்சி கை வச்ச செடி இனிமே கொத்துக் கொத்தா காய்க்கும் பாருங்க."

எனக்கு அந்த வழக்கம் தெரியாது. கிணற்றடியில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

"எப்ப... எப்ப சமைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கீர மத்தியானமே ஆச்சி. பருப்பு போட்டுக் கடைஞ்சேன். கத்திரிக்கா ராத்திரிக்கி, எண்ணெக் கத்திரிக்கா கேட்டா. ஏழுமாசம், இன்னா தின்னாலும் நெஞ்சுல எரிச்சல்ங்கறா. மத்தியானம் சாப்ட்டுட்டு ஒரு வாந்தி வேற. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஒடம்புல தெம்பே கெடையாதுண்ணே. நான் இவள வயித்துல வச்சிக்கினு உரல்ல மாவாட்டுனேன்."

"வாந்தியா?"

"ஒண்ணே ஒண்ணு. அதுக்கு ஏன் உங்க மூஞ்சி இப்பிடிப் போவுது? ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் சொன்னாலே மயக்கம் வந்துரும்."

அவள் சிரித்தாள். கூடையை எடுத்துக்கொண்டு, கேட்டை மூடிவிட்டுப் போனாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவளைக் கூப்பிட வாய் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. உடனே ஓடியிருக்க வேண்டும். நான் கிணற்றடியில் உட்கார்ந்து யோசித்தேன். மார்க்கெட்டில் வேறு கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு போய், இது நல்ல காய், அதைக் கொடுங்கள் என்று மாற்றிவிடலாமா? செடிமேல் பாம்பு ஊர்ந்ததைப் பார்த்தேன் என்று சொல்லலாமா? கீரைக்கு என்ன சொல்வது? கீரை வயிற்றுக்குள் போய்விட்டதே. கழுவியிருப்பாள். கழுவினால் போய்விடுமா? கடைந்த கீரையைக் கொதிக்கவும் வைத்திருப்பாளே. இப்படி ஒவ்வொன்றாக யோசித்தபோது பாதிப் பயம் அந்தப் பெண்ணுக்காக, பாதிப் பயம் எனக்காக. போலீஸ் வரும். தெருவில் எல்லோரும் பார்ப்பார்கள். முசியே கைத்தடியோடு வருவார். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்... அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை. எழுந்து நடந்தேன்.

அவர்கள் சந்து எங்கள் தெருவிலிருந்து நூறடி. அந்த வீட்டைத் தாண்டிப் போனேன். திரும்பி வந்து மறுபடியும் தாண்டிப் போனேன். கடுகு பொரிகிற சத்தம் கேட்டது. அதுதான் என்னை நிறுத்தியது. வாசலில் ஏறி நின்றேன். உள்ளே அவள் அரிவாள்மணையின் முன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத் தண்ணீரில் என் கத்திரிக்காய், நாலாகப் பிளந்து கிடந்தது. அந்தப் பெண் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நிறைய வளையல்.

"வாங்கண்ணே! அதிசயமா கீது. நம்ம ஊட்டுக்கெல்லாம் வர்றீங்க. கத்திரிக்கா வாசன இழுத்துக்கினு வந்துச்சா?"

"அந்தக் கத்திரிக்கா வேணாம்மா," என்றேன். "அதுல... புழு இருக்கும். நெறைய புழு."

பொய்தான் முதலில் வந்தது.

அவள் ஒரு துண்டைத் தண்ணீரிலிருந்து எடுத்து எனக்குத் திருப்பிக் காட்டினாள். "எங்க புழு? ஒவ்வொண்ணா பொளந்து பாத்துட்டேன். உசுரோட ஒண்ணுகூட இல்ல. ஒண்ணுல இருந்திச்சி, அதுவும் செத்துக் கெடந்துச்சி. ஏம்மா, இந்த அண்ணே தன் காய் போச்சின்னு திருப்பிக் கேக்க வந்திருக்காரு போல!"

அந்தப் பெண் சிரித்தாள். "குடுத்துடும்மா, பாவம்."

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. கடை மருந்து, புதன்கிழமை காலை, மூன்று மூடி, கீரையிலும் பட்டது. இந்த வரிசையில்தான் சொல்லியிருப்பேன். அவள் சிரிப்பு நிற்கச் சற்று நேரம் ஆனது. அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது.

"இன்னா சொன்னீங்க?"

மறுபடியும் சொன்னேன்.

அவள் எழுந்தாள். அடுப்பை அணைத்தாள். கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்ட கையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"கொழந்த அசையுதாடி?"

அந்தப் பெண் வயிற்றில் கை வைத்தாள். "மத்தியானம் அசைஞ்சுது."

"இப்ப?"

"இப்ப... தெரில மா. தூங்குதோ இன்னாவோ."

என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைக்கூடப் போடாமல் முசியே வீட்டுக்கு ஓடினேன். அந்தத் தெருவில் அவரிடம்தான் கார் இருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கத்தினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். ஐந்து நிமிடத்தில் பெண்ணும் அம்மாவும் பின்சீட்டில், நான் முன்சீட்டில். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அந்தத் தாய், "இப்ப அசையுதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பெண் அழ ஆரம்பித்தாள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிக்னலில் கார் நின்றபோது இறங்கி ஓடிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயதுதான். பெண்ணைப் படுக்க வைத்துக் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். எச்சில் அதிகம் ஊறுகிறதா, வயிறு பிடித்து இழுக்கிறதா, கண் மங்குகிறதா என்று கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் பெண் இல்லை என்று சொன்னபோது நான் மூச்சு விட்டேன். பிறகு டாக்டரம்மா திரும்பி, "மருந்து பேர் என்ன?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியாதுங்க," என்றேன். "இருமல் மருந்து பாட்டில்ல இருந்துச்சு."

"பேர் தெரியாம அடிச்சீங்களா?"

சகலைக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் அவர் மோட்டார் கொட்டகையில் இருப்பார், போன் வீட்டில் கிடக்கும். இரண்டாவது தடவை போட்டேன். அவசரத்தில் வேறு யாருக்கோ போய்விட்டது. நாலாவது தடவை சகலை பெண்சாதி எடுத்து, அவரைக் கூப்பிட ஓடினாள். அவள் ஓடுகிற சத்தம், நாய் குரைக்கிற சத்தம், மோட்டார் சத்தம் எல்லாம் போனில் கேட்டது. அவ்வளவு தூரமா கொட்டகை என்று நினைத்தேன். அவர் வந்து, "இன்னா மாப்ள, புழு செத்துச்சா?" என்றார். நான் போனை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவர் பேர் கேட்டு எழுதிக்கொண்டார். எவ்வளவு கலந்தது என்றும் கேட்டார். சகலை இரண்டு மூடி என்று சொல்லியிருப்பார். "மூணு," என்றேன் நான். டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு, எழுதியதைத் திருத்தினார்.

பிறகு திரையை இழுத்துவிட்டு எங்களை வெளியே போகச் சொன்னார்கள். தாய் மட்டும் உள்ளே. முசியேயும் நானும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். கைத்தடியை இரண்டு காலுக்கும் நடுவில் ஊன்றிக்கொண்டு அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போர்டப் படிச்சியா நீ?"

"படிச்சேன் முசியே."

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்தானே?"

"அடுத்தவங்க பாத்தியில இலைகூடக் கிள்ளக் கூடாதுன்னு இருந்துச்சு. அதான்... யாரும் தொட மாட்டாங்கன்னு..."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்போ போர்டை நம்பி அடிச்ச. கடை மருந்து கூடாதுங்கறதும் அதே போர்டுலதான் இருந்துது."

"ஆமாங்க."

"புள்ளத்தாச்சி எங்க வேணாலும் பறிக்கலாம்னு உனக்குத் தெரியாதா?"

"யாரும் சொல்லலைங்க."

"நீ யாரையாவது கேட்டியா? ஏழு மாசமா வர்ற. உன் குரல் எப்படி இருக்கும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, கதவத் தட்டிக் கத்துனப்போ."

பிறகு, அவருக்குள்ளேயே பேசிக்கொள்வதுபோல, "அதை எழுதியிருக்கணும் நானு. எல்லாருக்கும் தெரியும்னு விட்டுட்டேன்," என்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

திரைக்குப் பின்னால் ஏதோ மிஷினை இழுத்து வருகிற சத்தம் கேட்டது. பிறகு அமைதி. அப்படி ஓர் அமைதியை நான் அனுபவித்ததில்லை. நர்சம்மா, "இந்தப் பக்கம் திரும்பிப் படு. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்," என்று சொல்வது கேட்டது. கரகரவென்று சத்தம். மறுபடியும் அமைதி. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த சாமி பெயரெல்லாம் மறந்துபோனது. அம்மா, அம்மா என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. தண்ணீருக்கு அடியில் யாரோ வேகவேகமாகத் துணி அலசுகிற மாதிரி, நிற்காமல். என்ன சத்தம் அது என்று எனக்குப் புரியவில்லை. முசியே கைத்தடியைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் அது குழந்தையின் இதயம் என்று தெரிந்தது.

அதோடு பயம் போய்விடவில்லை. டாக்டரம்மா வெளியே வந்து, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். கீரையில் பட்டது கொஞ்சமாக இருக்கலாம், கழுவியதில் போயிருக்கலாம், வாந்தி எடுத்ததும் நல்லதுதான். ஆனால் ரத்தம் எடுத்திருக்கிறோம், விடிகிற வரைக்கும் வைத்துப் பார்க்க வேண்டும், நாடித் துடிப்பு குறைகிறதா என்று அடிக்கடி பார்ப்போம் என்றார்.

தாய் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. எனக்கு எதிரில் நின்றாள். நான் எழுந்து நின்றேன். அவள் அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ கையாலதான் பறிச்சா," என்றாள். "நான்தான் அவ கையப் பிடிச்சி இட்டுக்கினு போனேன். எல்லாப் பாத்தியும் நம்முதுடின்னு சொல்லி."

"என்ன மன்னிச்சிடும்மா."

"தோட்டத்துலயே கேட்டேன், ஏன் மூஞ்சி இப்பிடிப் போவுதுன்னு. அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருப்போம். அடிச்சதக்கூட வுடுங்க. கூடைய எடுத்துக்கினு நான் போறதப் பாத்துக்கினு நின்னீங்களே, அதத்தான் என்னால..."

முசியே பக்கம் திரும்பி, மருமகனுக்குப் போன் போட வேண்டும் என்றாள். அவர் போனை எடுத்துக் கொடுத்தார். என்னிடம், "நீங்க போங்க," என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.

நான் நடந்தே வீட்டுக்கு வந்தேன். செருப்பு அவர்கள் வீட்டு வாசலிலேயே கிடந்தது. எடுக்கப் போகவில்லை. மனைவி சோறு போட்டாள். நடந்ததைச் சொன்னேன். "எங்க அக்கா புருஷன்கிட்ட நான்தானே சொன்னேன்," என்றாள். பிறகு பாட்டில் எங்கே என்று கேட்டாள். காட்டினேன். அதை ஒரு பையில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பதினோரு மணிக்கு அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை, ஒரு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள் என்று முசியே கிடங்குக்குப் போன் செய்து சொன்னார். சாயங்காலம் போய்க் கத்திரிச் செடிகளையும் மீதிக் கீரையையும் வேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டினேன். முசியே என் பாத்தியைப் பட்டியலில் இருந்த அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டார்.